வயலெலியின் இணைவிழைச்சு

மேற்குத்தொடர்ச்சி மலையின் கீழ்ச்சாரலில், மதுரையினின்று தென்காசிக்குச் செல்லும் நெடுஞ்சாலையிலே, சிவகிரிக்கும் புளியங்குடிக்கும் இடையில் அமைந்துள்ளது வாசுதேவநல்லூர். பண்டு சங்கரன்கோயிற் பகுதியோடு சேர்த்து எண்ணப்பட்ட இவ்வூர், 2019-ஆம் ஆண்டு முதல் தென்காசி மாவட்டத்தைச் சார்ந்ததாயிற்று. மலையினின்றிறங்கும் ஓடைகள் நிரப்பும் குளங்களே இவ்வூர் நஞ்சைக்கு உயிர். சென்ற தை மாதத்து விடுமுறையில் நம் மாணாக்கர் சிலருடன் நாம் அங்குச் சென்றிருந்தபோது, பிசான நெல் கதிர் முற்றித் தலைசாய்ந்து நின்றது. ஆயினும் வயலின் நடுவே ஆங்காங்கு வட்டவட்டமாகப் பயிர் தாள் அறுந்து கிடந்தது. அறுத்தவர் மனிதரல்லர், எலிகள்.

அவ்வயலை வாரத்திற்கு உழும் பெரியவர் ஒருவர் வரப்பை வெட்டி எங்களுக்கு வளையைத் திறந்து காட்டினார். வாயில் ஈரமண்ணால் அடைபட்டிருந்தது. உள்ளே கிளைத்துச் சென்ற வழிகளின் முடிவில் ஓர் அறை. அவ்வறை நிறையக் கதிர்கள். வளையிற் கதிர் சேர்க்கும் எலியின் முயற்சியைப் பயன் துய்க்கத் தெரியாத உலோபிகளுக்கு உவமையாக்கிச் சோழன் நல்லுருத்திரன் பாடிய பாட்டொன்று புறநானூற்றில் உண்டு என்பதை மாணாக்கருள் ஒருவர் நினைவூட்டினார். பெரியவர் நகைத்து, "உவமை நல்லதுதான், ஐயா, ஆனால் அது சேர்ப்பது என் நெல்லையல்லவா?" என்றார். நிலமுடையாருக்கு அளக்கவேண்டியதை அளந்தபின்னரே அவர்க்கு எஞ்சுவது. எலியின் பங்கும் அவ்வெஞ்சியதிலேதான் கழியும்.

பின்னர் அவர் கேட்ட கேள்வியே இக்கட்டுரைக்குக் காரணம். "நாங்கள் கிட்டி வைத்துப் பிடிப்பவற்றுள் மிகுதியும் ஆணெலியாகவே இருக்கின்றது. ஆண் இத்தனை தொலைந்தும் எலி குறையக் காணோம். ஆணில்லாமலா குட்டி பெருகுகின்றது?" என்றார். அவ்விடத்தில் அதற்கு நிறைவான விடை எம்மாற் கூறக்கூடவில்லை. திரும்பிவந்து நூல்களைப் புரட்டியபோது, அவ்வினாவிற்கு விடை ஆணெலியின் உடலமைப்பிலேயே எழுதப்பட்டிருத்தலைக் கண்டோம். பிராணிகளின் இணைவிழைச்சைப் பற்றிப் பேசுதல் ஒரு கல்லூரி மலருக்குத் தகுமோ என்று ஐயுறுவார் சிலர் இருக்கக்கூடும். உயிர்கள் வழிவழி நிலைபெறும் முறையை அடக்கத்தோடு ஆராய்வதில் இழுக்கொன்றுமில்லை. அதனை அறியாமையால் உழவர்க்கு நேரும் இழப்போ பெரிது.

எந்த எலி?

எலி என்னும் ஒரு சொல்லால் நாம் பலவற்றைக் குறிக்கின்றோம். வீட்டின் மோட்டுவளையில் ஓடுவது ஓரினம்; புன்செய்க் காட்டின் வெள்ளெலி வேறோரினம்; வயலிற் காணும் புல்லெலியும் சிறு சுண்டெலியும் வெவ்வேறு. நெல்வயலின் வரப்பைத் தோண்டிக் கதிரைச் சேமிப்பது பெருச்சாளிக்கு நெருங்கிய சுற்றமாகிய வயலெலி; பிராணிநூலார் இதனைப் பாண்டிகோட்டா பெங்காலென்ஸிஸ் என்பர். பன்றியெலி என்று பொருள்படும் பந்திகொக்கு என்னும் தெலுங்குச் சொல்லே ஆங்கிலத்தாரின் நாவிற் சிதைந்து பாண்டிகூட் ஆயிற்று. முரட்டு இயல்பினது, சீண்டினால் உறுமும். வளர்ந்தபின் பெரும்பாலும் ஒரு வளைக்கு ஓரெலியாகவே வாழும். தாயுடன் குட்டிகள் இருக்கும் காலம் இதற்கு விலக்கு. ஆகவே ஆண் தன் துணையைத் தேடி வளைவிட்டு வளை செல்லவேண்டியதாகின்றது.

உடலியலார் மிகுதியாக ஆராய்ந்திருப்பது ஆய்வுச்சாலையில் வளர்க்கப்படும் வெள்ளையெலியை. அடுத்தபடியாகச் சுண்டெலி, சீமைப்பெருச்சாளி எனப்படும் கினியாப்பன்றி, ஹாம்ஸ்டர் ஆகியவற்றை ஆராய்ந்தனர். கீழே கூறுவனவற்றுட் பல அவற்றினிடத்தே கண்டவை. இனத்திற்கினம் சிறு வேறுபாடுகள் உளவேனும், அடிப்படை அமைப்பு கொறிக்கும் பிராணிகள் யாவற்றிற்கும் பெரிதும் பொதுவானதேயாகும்.

சுரப்பியின் ஆட்சி

காயடித்த எருதும் காயடியாத பொலிகாளையும் தம்முள் எவ்வளவு வேறுபடும் என்பதை நம் நாட்டு உழவர் அறியாதவரல்லர். ஆயினும் அவ்வேற்றுமைக்குக் காரணம் யாது என்பதைச் சோதனையால் முதன்முதற் காட்டியவர் ஜெர்மனியிலுள்ள கெட்டிங்கன் நகரத்துப் பெர்தோல்டு என்பார். 1849-ஆம் ஆண்டில் அவர் இளஞ்சேவல்களின் விதைச்சுரப்பிகளை நீக்கினார். நீக்கப்பட்டவை கொண்டை சுருங்கிக் கூவுதலையும் போரிடுதலையும் விட்டன. சிலவற்றிற்கு அச்சுரப்பியை மீண்டும் வயிற்றினுள் வேறோரிடத்தில் வைத்தார். நரம்பின் தொடர்பு முற்றும் அறுந்திருந்தும் அவை மறுபடியும் சேவலுக்குரிய இயல்புகள் யாவற்றையும் பெற்றன. ஆகவே சுரப்பி தன் செய்தியை இரத்தத்தின் வழியே அனுப்புகின்றது என்பது பெறப்பட்டது.

அச்செய்தியைத் தாங்கும் பொருளைக் கைப்பற்ற மேலும் 86 ஆண்டுகள் சென்றன. 1935-இல் ஆம்ஸ்டர்டாம் நகரில் லாக்கர் என்பவரும் அவர் குழுவினரும் ஏறத்தாழ 100 கிலோ காளைவிதைகளிலிருந்து 10 மில்லிகிராம் அளவே பளிங்கு வடிவாகப் பிரித்தெடுத்து, அதற்கு டெஸ்டாஸ்டிரோன் என்று பெயரிட்டனர். அதே ஆண்டில் புட்டனாண்டு, ருஸிக்கா என்னும் இருவர் அதனைக் கொழுப்பினத்ததாகிய கொலஸ்டிராலிலிருந்து செயற்கையாக ஆக்கிக் காட்டினர். இவ்விருவருக்கும் 1939-ஆம் ஆண்டின் இரசாயன நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது.

இச்சுரப்பியும் தனியரசன்று. மூளையின் அடியிலுள்ள ஹைப்போதலாமஸ் என்னும் பகுதி ஒரு நுண்பொருளைச் சிறுசிறு தவணையாக விடுக்கின்றது. அதனால் தூண்டப்பட்ட பிட்யூட்டரிச் சுரப்பி வேறிரு பொருள்களை இரத்தத்திற் கலக்கின்றது. அவற்றுள் ஒன்று விதையிலுள்ள லேடிக் உயிரணுக்களை டெஸ்டாஸ்டிரோன் சுரக்கச் செய்யும். மற்றொன்று விந்தணு உருவாதற்குத் துணைபுரியும். இரத்தத்தில் டெஸ்டாஸ்டிரோன் மிகுந்தால் அதுவே மேலிரு நிலையங்களையும் அடக்கிவிடும். குளத்து மடையை நீர்மட்டத்திற்கேற்பத் திறந்தும் அடைத்தும் வரும் நீர்க்கட்டியைப் போல, உடல் தன் அளவைத் தானே காத்துக்கொள்கின்றது.

ஆணெலியின் விதையை நீக்கினால் நிகழ்வது யாது? இணைவிழைச்சு அன்றே அற்றுப்போவதில்லை. முதலில் விந்து வெளிப்படுதல் நிற்கும்; பின்னர்க் கூடல் நிற்கும்; பெண்ணின்மேல் ஏற முயலும் செயல் கடைசியிலேதான் மறையும். முன்னரே பழக்கமுள்ள எலியிடத்து இவை நெடுநாள் நீடிக்கும். பழக்கமில்லாததனிடத்து விரைவில் ஒழியும். மருந்தாக டெஸ்டாஸ்டிரோன் செலுத்தினால் இழந்த செயல்கள் சில நாட்களிலிருந்து சில வாரங்களுக்குள் மீளும்.

இங்கே மாணாக்கர் கருதவேண்டியதொன்றுண்டு. சுரப்பு மிகுந்தால் வேட்கையும் அவ்வளவிற்கு மிகும் என்று பலரும் நினைக்கின்றனர். 1952-இல் கிரண்ட், யங் என்னும் இருவர் கினியாப்பன்றிகளை வேட்கை மிக்கவை, நடுத்தரமானவை, குறைந்தவை என மூவகையாகப் பிரித்து, எல்லாவற்றின் விதையையும் நீக்கிவிட்டு, எல்லாவற்றிற்கும் ஒரே அளவாக டெஸ்டாஸ்டிரோன் கொடுத்தனர். அவை ஒரே தரமாகிவிடவில்லை. ஒவ்வொன்றும் தன் பழைய தரத்திற்கே திரும்பிற்று. சுரப்பு விளக்கிற்கு எண்ணெய் போன்றது, எண்ணெயின்றி விளக்கெரியாது. ஆனால் சுடரின் பருமனைத் திரியே வரையறுக்கும். அத்திரியை மூளையில் தேடவேண்டும்.

மணத்தின் தூது

இருளில் நடமாடும் எலிக்குக் கண்ணைவிட மூக்கே பெருந்துணை. எலிக்கு மோப்ப அவயவங்கள் இரண்டு. ஒன்று நமக்குள்ளது போன்ற மூக்கின் உட்சவ்வு. மற்றொன்று மூக்கின் அடிப்புறத்தே இருபுறமும் அமைந்த சிறு குழல்; 1813-இல் இதனை விரித்துரைத்த டென்மார்க்கு நாட்டு யாக்கப்ஸன் பெயராலேயே இது வழங்குகின்றது. காற்றில் எளிதிற் பரவும் மணத்தை முதலது உணரும்; சிறுநீரிலும் மேனிச்சுரப்பிலுமுள்ள, எளிதில் ஆவியாகாத பொருள்களையும் இரண்டாவது உணரும். 1975-இல் பவர்ஸ், வைனன்ஸ் என்னும் இருவர் ஹாம்ஸ்டர் ஆண்களில் இவ்விரு வழிகளையும் அடைத்தபோது, அவை பெண் அருகிலிருந்தும் கூடலை அறவே விட்டொழிந்தன. எலியினிடத்தே நிலைமை அவ்வளவு கடுமையானதன்று. மோப்பம் இழந்தாலும் பழக்கமுள்ள ஆண் ஓரளவு தன் செயலை நடத்தும்.

பெண்ணெலிக்கு நாலைந்து நாளைக்கொரு முறை பருவம் வரும். ஒரு முறை வந்தால் ஓர் இரவளவே நிற்கும். அச்சிறுபொழுதை ஆண் தவறாது அறிவது பெண்ணின் சிறுநீர் மணத்தால். ஆணும் தன் பங்கிற்குச் செல்லுமிடமெல்லாம் சிறுநீரைத் துளிதுளியாக இட்டுச் செல்லும். அச்சிறுநீரிற் கலந்துள்ள புரதங்கள் மணப்பொருள்களைத் தாங்கி மெல்ல மெல்ல வெளிவிடுவதால், எலி சென்றபின்னும் அதன் அடையாளம் நெடும்பொழுது நிற்கும். சுண்டெலி ஆணின் சிறுநீரிலுள்ள இத்தகைய புரதமொன்று பெண்ணைத் தன்பால் ஈர்ப்பதை 2010-ஆம் ஆண்டில் இங்கிலாந்து அறிஞர் கண்டறிந்தனர். நம் நாட்டிலும் திருச்சிராப்பள்ளிப் பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் அர்ச்சுணனும் அவர் மாணாக்கரும் எலிகளின் மணச்சுரப்பிகளைப் பல்லாண்டு ஆராய்ந்துள்ளனர். ஆணின் குறிமுனைத் தோலருகேயுள்ள சுரப்பியில் ஃபார்னெசால் முதலிய மணப்பொருள்கள் இருத்தலை அவர்கள் எடுத்துக்காட்டினர்.

ஆணின் மணம் பெண்ணை அழைப்பதோடமையாது. அதன் உடலையே மாற்றவல்லது. சேர்ந்து வாழும் சுண்டெலிப் பெண்களுக்கு ஆணின் மணம் பட்டால் பருவம் ஒருசேர வருதலை விட்டன் 1956-இல் உரைத்தார். கருவுற்ற சில நாட்களுக்குள் அயல் ஆணொன்றின் மணம் பட்டால் அக்கரு நிலையாது கலைதலை ஹில்டா புரூஸ் என்னும் அம்மையார் 1959-இல் வெளியிட்டார். ஆண்சிறுநீரின் மணத்தால் இளம்பெண் உரிய காலத்திற்கு முன்னரே பருவமெய்துதலை வாண்டன்பர்க் 1969-இல் அறிவித்தார். இவை சுண்டெலியிற் கண்டவையேனும், ஓர் ஆண் ஒரு வயலிற் கால்வைத்தால் அதன் விளைவு கூடலொன்றோடு முடிவதில்லை என்பதற்கு இவை சான்றாகும்.

மூளையின் பங்கு

மணமும் சுரப்பும் சந்திக்குமிடம் மூளை. ஹைப்போதலாமஸின் முற்பகுதியில், கண்நரம்புகள் குறுக்கிட்டுச் செல்லுமிடத்திற்குச் சற்று மேலே, ஓர் உயிரணுக் கூட்டம் உண்டு. 1966-67-இல் ஸ்வீடன் நாட்டு ஹைமர், லார்ஸன் என்னும் இருவர் அதனைச் சிதைத்தபோது, ஆணெலிகள் கூடலை முற்றும் இழந்தன. 1966-இல் டேவிட்ஸன் என்பவர் விதை நீக்கிய எலியின் அதே பகுதியில் மட்டும் சிறிதளவு டெஸ்டாஸ்டிரோனைப் பதித்தார். இழந்த செயல் மீண்டது. உடல் முழுதும் பரவும் சுரப்பு இச்செயலுக்கு இன்றியமையாத வகையில் வந்து சேரவேண்டிய வாயில் இதுவே என்பது இவ்விரு சோதனைகளாலும் துணியப்பட்டது.

இங்கே ஒரு வியப்பு. ஆண்மைக்குரியதென்று பெயர்பெற்ற டெஸ்டாஸ்டிரோன் எலியின் மூளையிற் சென்றதும், அங்குள்ள நொதி ஒன்றினால், பெண்மைக்குரியதென்று நாம் சொல்லும் எஸ்ட்ரடையால் என்னும் பொருளாகப் பெரும்பகுதி மாற்றப்படுகின்றது. ஆணெலியின் ஆண்மைச் செயலை எழுப்புவதில் இப்பெண்மைப் பொருளுக்குப் பெரும்பங்குண்டு. வாசுதேவநல்லூர்ச் சிந்தாமணிநாதர் கோயிலில் இறைவன் அர்த்தநாரீசுவரராக ஓருடலில் இருபாலும் கொண்டு நிற்றலை அவ்வூர் மக்கள் அறிவர். கோயில் வேறு, ஆய்வுச்சாலை வேறு. எனினும் ஆணும் பெண்ணும் ஒன்றற்கொன்று முற்றிலும் புறம்பானவை என்னும் எண்ணம் எலியின் மூளையளவிலும் நில்லாது போதலை இங்கே காண்கின்றோம்.

ஆணின் மூளை ஆண்மூளையாவது பருவமெய்தும்போது அன்று. பிறப்பையொட்டிய சில நாட்களிலேயாம். 1959-இல் ஃபீனிக்ஸ் முதலிய நால்வர் சூல்கொண்ட கினியாப்பன்றிகளுக்கு டெஸ்டாஸ்டிரோன் செலுத்தியபோது, பிறந்த பெண்குட்டிகள் வளர்ந்தபின் ஆணின் நடத்தையை மிகுதியாகக் காட்டின. பிறந்தவுடன் விதை நீக்கப்பட்ட ஆணெலியோ, பின்னர் எவ்வளவு சுரப்பைக் கொடுத்தாலும் ஆணின் செயலை முழுமையாகச் செய்யமாட்டாதாயிற்று. உழவன் நாற்றங்காலிற் செய்யத் தவறியதை நட்ட வயலில் ஈடுசெய்ய முடியாதவாறு போல என்க.

கூடலின் முறை

பருவமுற்ற பெண் ஆணை நோக்கித் துள்ளித் துள்ளி ஓடிச் செவிகளை நடுக்கும். ஆண் பின்தொடர்ந்து மோந்து, அதன் பக்கங்களைப் பற்றி ஏறும். எலியின் கூடல் ஒரே முறையில் முடிவதன்று. இரண்டொரு வினாடியே நிற்கும் சேர்க்கை ஏறத்தாழப் பத்துமுறை நிகழ்ந்தபின்னரே விந்து வெளிப்படும். அதன்பின் ஆண் சில நிமிஷம் ஓய்ந்திருக்கும். பின்னர் மறுபடியும் தொடங்கும். ஒவ்வொரு சுற்றுக்குப் பின்னும் ஓய்வு நீளும். முடிவில் ஆண் தெவிட்டி ஒதுங்கிவிடும். பழைய நிலையை முழுதும் அடையப் பல நாட்கள் செல்லும். ஆயினும் புதியதொரு பெண் எதிர்ப்படின், ஒதுங்கிய ஆண் மீளவும் எழும். அப்போது மூளையில் டோபமின் என்னும் பொருள் மறுபடி மிகுதலை அளந்தறிந்திருக்கின்றனர்.

ஓய்ந்திருக்கும் அப்பொழுதில் ஆண் வாளாவிருப்பதில்லை, பாடுகின்றது. ஆனால் அப்பாட்டு நம் செவிக்கு எட்டாது. மனிதச் செவி வினாடிக்கு ஏறக்குறைய 20,000 அதிர்வு வரையே கேட்கும். அதன் குரலோ 22,000 அளவினது. பார்ஃபீல்டு, கையர் என்னும் இருவர் 1972-இல் தக்க கருவியால் இதனைக் கேட்டு உலகிற்கு அறிவித்தனர். நள்ளிரவில் ஓசையற்றுக் கிடப்பதாக நாம் எண்ணும் வயல் எலிகளுக்கு அத்தகையதன்று.

பத்துமுறை சேர்க்கை எதற்கு? ஒருமுறையில் ஆகாததோ? இதற்கு விடை ஆணினிடத்தன்று, பெண்ணினிடத்துள்ளது. 1969-இல் ஆட்லர் என்பவர் சேர்க்கையின் எண்ணிக்கையைக் குறைத்துப் பார்த்தார். விந்து சேர்ந்திருந்தும் பல பெண்கள் சூல்கொள்ளவில்லை. திரும்பத் திரும்ப நிகழும் சேர்க்கை நரம்பின் வழியே பெண்ணின் மூளைக்குச் செய்தி சொல்ல, மூளை பிட்யூட்டரியை ஏவ, அதனாற் கருவைத் தாங்குதற்குரிய புரொஜெஸ்டிரோன் சுரக்கின்றது. அச்செய்தி போதாவிடின் கருப்பை ஆயத்தமாகாது. ஆகவே ஆணின் நடத்தை ஆணின் வேட்கைக்கு வடிகால் மாத்திரமன்று. பெண்ணின் உடலைத் தாய்மைக்குத் திறக்கும் திறவுகோலுமாம். மலடாக்கப்பட்ட ஆணுடன் கூடினும் பெண்ணெலி ஏறக்குறைய இரண்டு வாரம் பொய்ச்சூல் கொண்டிருத்தல் இதனாலேயே.

பெரியவரின் வினாவிற்கு விடை

இனி வரப்போரத்துப் பெரியவர் கேட்டதற்கு வருவோம். கிட்டியில் ஆண் மிகுதியாக விழுவதேன்? சுரப்பும் மணமும் அதனை அலைக்கழிப்பதால். பெண் தன் வளையைச் சுற்றியே இரைதேடும். ஆணோ பல பெண்களின் வளைகளைச் சூழ்ந்து நெடுந்தொலைவு இரவெல்லாம் திரியும். மிகுதியாகத் திரிவது மிகுதியாக அகப்படும். ஆகவே கிட்டியிற் கண்ட கணக்கு வயலிலுள்ள கணக்கன்று.

ஆண் குறைந்தும் எலி குறையாததேன்? ஓர் ஆண் பல பெண்களுக்குப் போதும் என்பது மேற்கூறியவற்றால் விளங்கும். நூறு ஆணில் எண்பது மடிந்தாலும் எஞ்சிய இருபதும் எல்லாப் பெண்களையும் சூல்கொள்ளச் செய்யும். பற்றாததற்கு, வெற்றிடமான வழிகளில் அடுத்த வயலின் ஆண்கள் வந்து புகும். ஆணை மலடாக்கும் ஆல்ஃபா குளோரோஹைட்ரின் போன்ற மருந்துகளைப் பற்றிய ஆராய்ச்சி நம் நாட்டிலும் நடைபெற்றதுண்டு. அவ்வழிக்கும் இதுவே பெருந்தடை. ஒரே இரவில் பல ஆண்களுடன் கூடும் இயல்புடைய பெண்ணுக்கு, அவற்றுள் ஒன்று நலமுடையதாயிருந்தாலும் போதுமன்றோ?

எனவே வயலில் எலியின் தொகையை நிர்ணயிப்பது ஆணின் தொகையன்று. சூல்கொள்ளும் பெண்ணின் தொகையும், அதற்குக் கிடைக்கும் உணவுமே. சூற்காலம் ஏறக்குறைய மூன்று வாரம். ஈன்ற ஓரிரு நாளுக்குள்ளேயே தாய் மீண்டும் பருவமுற்றுக் கூடவல்லது. வயலெலியின் இனப்பெருக்கம் நெற்பயிரோடு ஒட்டிச் செல்வது. பயிர் பொதிகட்டிப் பால்பிடிக்கும் நாட்களிலே அது உச்சமடையும். ஒரு கணக்குப் பார்ப்போம். பொதிகட்டும் பருவத்தில் சூல்கொள்ளும் ஒரு பெண் ஈற்றுக்கு ஆறு குட்டி ஈனுமென்று கொண்டால், அறுவடைக்கு முன் இரண்டு ஈற்றில் பன்னிரண்டு; தாயோடு பதின்மூன்று வாய். தை மாதத்தில் பதின்மூன்றைப் பிடிப்பதும் கார்த்திகையில் அவ்வொன்றைப் பிடிப்பதும் பயனளவில் ஒன்றே. உழைப்பளவிலோ மலையும் மடுவும் போன்றவை. தையில் நாம் கண்ட வளையில் நெல் ஏற்கெனவே அறைக்குட் சென்றுவிட்டது.

இதனின்று பெறப்படும் நெறிகள் சில. முதலாவது, புரட்டாசியில் வயல் வெறுமையாய்க் கிடக்கையிலேயே எலிகள் ஒதுங்கும் வரப்புகளையும் குளத்தங்கரைகளையும் வெட்டி வளைகளை அழித்தல். வரப்பை உயரமும் அகலமும் குறைத்துக் கட்டுதல். இரண்டாவது, நட்ட பயிர் தூர்கட்டும் கார்த்திகைக்குள்ளேயே கிட்டி வைத்து முடித்தல். பொதிகட்டியபின் வைப்பது தீப்பற்றியபின் கிணறு வெட்டுவதாகும். மூன்றாவது, ஊரார் யாவரும் ஒரே வாரத்தில் ஒருங்கே செய்தல். ஒருவர் மட்டும் செய்தால், அயல் வயலின் ஆண் வந்து அவ்விடத்தை நிரப்பிவிடும். நான்காவது, வயலில் ஆந்தை வந்தமரக் குறுக்குச்சட்டமிட்ட கம்புகளை நடுதல். கொடிய நஞ்சை வைத்தால் அதனையுண்ட எலியைத் தின்னும் ஆந்தைக்கும் கேடு வருமாதலின், நண்பனை அழித்துப் பகைவனை வளர்த்தவராவோம்.

இன்னுமொன்று. ஆணெலி தன் அடையாளமாக இட்டுச்செல்லும் அச்சிறுநீரே எலிக்காய்ச்சலின் ஊர்தியுமாகும். லெப்டோஸ்பைரா என்னும் அக்கிருமியை 1915-இல் ஜப்பான் நாட்டு இனாடா, இடோ என்போர் கண்டறிந்தனர். ஆணாயினும் பெண்ணாயினும் எலியின் சிறுநீரகத்தில் அது நோய் செய்யாது தங்கிச் சிறுநீரோடு வெளிப்படும்; தேங்கிய நீரில் வெறுங்காலோடு நிற்பவரின் புண் வழியே உட்புகும். வயலில் இறங்குவோர் காற்புண்ணை மூடிக்கொள்ளுதலும், காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் கண்சிவப்பும் ஒருங்கே கண்டால் தாமதியாது மருத்துவரிடம் வயல்வேலையைச் சொல்லிக் காட்டுதலும் வேண்டும்.

இவற்றையெல்லாம் எழுதி முடித்தபின், புரட்டாசி விடுமுறையில் மீண்டும் வாசுதேவநல்லூருக்குச் சென்று பெரியவரைக் கண்டோம். சுரப்பியின் பெயர்களையும் அறிஞரின் பெயர்களையும் விடுத்து, "கிட்டியில் விழுவது ஆண், வயலை நிரப்புவது பெண். பயிர் பொதிகட்டுமுன் பிடியுங்கள், ஊரோடு சேர்ந்து பிடியுங்கள்" என்று மாத்திரம் கூறினோம். அவர் சற்று நேரம் வயலையே நோக்கியிருந்தார். "அப்படியானால் இத்தனை காலமும் நாங்கள் தையில் பிடித்ததெல்லாம் வீண்தானா, ஐயா?" என்று கேட்டார். வீணன்று, காலம் தாழ்ந்தது என்றோம். அவர் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு அடுத்த வயற்காரரைக் கூப்பிடச் சென்றார்.

கல்லூரியில் நாம் கற்பன பல. அவற்றுள் எது எந்த வரப்போரத்தில் யாருக்குப் பயன்படும் என்பதை முன்கூட்டி அறிதல் அரிது. விடுமுறையில் தத்தம் ஊருக்குச் செல்லும் மாணாக்கர், அங்குள்ள உழவர் கேட்கும் ஒரு கேள்வியையேனும் விடையில்லாதபடி திரும்பக் கொண்டுவருவாராயின், நம் நூல்நிலையத்திற்கும் ஆய்வுச்சாலைக்கும் அதனினும் நல்ல வேலை வேறில்லை.